அறுப்பு மிஷின் தூசி பட்ட கண், மெடிக்கல் கடைச் சொட்டு, இப்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி: பொறுக்கலாமா, போகணுமா?

கோரைப்பாய்:
அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சேரன்மகாதேவி பக்கம் சித்தப்பா வயலில் பிசான நெல் அறுப்பு. மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்றவர் வலது கண்ணில் உமியோ வைக்கோல் துண்டோ பட்டிருக்கிறது. சாயங்காலம் வரை கசக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் கண் சிவந்து தண்ணீர் கொட்ட, மெடிக்கலில் சொல்லி ஒரு சொட்டு வாங்கிப் போட்டார். சிவப்பும் வலியும் நன்றாகவே குறைந்தது, மனுஷன் களத்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து இப்போது பார்த்தால் கருவிழியில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தக் கண்ணில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறதாம். சித்தி கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று அழுகிறாள். சித்தப்பாவோ, முதலில் கேட்ட மருந்துதானே, இன்னும் நாலு நாள் போட்டால் போய்விடும் என்கிறார். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழைத்தார்:
தம்பி, எங்க களக்காட்டுப் பக்கம் இதெல்லாம் சாதாரணம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிவிட்டு, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க. எங்க ஆச்சி ஊருக்கே வைத்தியம் பார்த்தவ. நாக்கு நுனியால தூசி எடுக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்டக் காட்டினால் உள்ளே துண்டு இருந்தாலும் வந்துவிடும்.

ஸ்லைடு அக்கா:
வாழைத்தார் அண்ணாச்சி, கோபிக்காதீங்க, இந்த விஷயத்தில் ஆச்சியை விட்டுவிடுவோம். நான் ஒரு கண் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பல வருஷம் மைக்ரோஸ்கோப்பில் நுண்ணுயிர் ஸ்லைடு பார்த்தவள். தூசி பட்டு, ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கூடவே பார்வை மங்கல் என்றால் அது கருவிழிப் புண். தூசி உள்ளே இருக்கிறதா என்று தேடும் கட்டம் தாண்டிவிட்டது. பட்ட இடத்தில் ஒரு கீறல் விழுந்து அதன் வழியாகக் கிருமி நுழைந்திருக்கும். நாக்கில் இருக்கும் கிருமி, கசக்கிப் பிழிந்த பூவில் இருக்கும் கிருமி எல்லாம் அதே கீறலில் போய் உட்காரும். தாய்ப்பாலும் அப்படித்தான், பிள்ளைக்கு அமிர்தம், புண்ணுக்கு மருந்து இல்லை.

கோரைப்பாய், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்கு வேண்டாம். போகும்போது அந்தச் சொட்டு பாட்டிலை அட்டைப்பெட்டியோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பெட்டியில் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், அதை இங்கே எழுதுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

கோரைப்பாய்:
பெட்டியில் மாக்ஸிப்ளாக்ஸசின், டெக்ஸாமெத்தசோன் என்று ரெண்டு பெயர் போட்டிருக்கிறது அக்கா. பக்கத்தில் சிவப்புக் கோடு.

ஸ்லைடு அக்கா:
நினைத்தேன். முதல் பெயர் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. ரெண்டாவது ஸ்டீராய்டு. சிவப்பும் வலியும் குறைந்ததற்குக் காரணம் அந்த ரெண்டாவதுதான். கிருமி வந்தால் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் சிவப்பும் வீக்கமும், ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். உள்ளே இருப்பது பூஞ்சை என்றால் மாக்ஸிப்ளாக்ஸசின் அதை ஒன்றும் செய்யாது, ஸ்டீராய்டு காவல்காரனைத் தூங்க வைத்துவிடும், பூஞ்சை சத்தமில்லாமல் ஆழத்துக்கு இறங்கும். சித்தப்பாவுக்குக் கேட்டது போல இருந்த அந்த ரெண்டு மூணு நாள்தான் புண் வளர்ந்த நாள். அதனால் அதே சொட்டு இன்னும் நாலு நாள் என்ற பேச்சே வேண்டாம்.

நம்ம ஊரில் பூஞ்சை என்று நான் ஏன் முதலில் சந்தேகப்படுகிறேன் என்று கேட்டால், கணக்கு இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் வருஷத்தை எடுத்துப் பார்த்த ஆய்வில் ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் 1999இல் இருந்து 2002 வரை வந்த 3000க்கும் மேற்பட்ட புண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்று பூஞ்சை. அதில் பெரும்பாலோர் கண்ணில் அடிபட்டவர்கள், அதுவும் வயல் வேலையில். கிருமிகளில் முதலிடம் ஃபுசேரியம், அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். ரெண்டுமே மண்ணிலும் பயிரிலும் கிடப்பவை. வாழைத்தார் அண்ணாச்சிக்கு ஃபுசேரியத்தைத் தெரிந்திருக்கும், வாழையை மஞ்சளாக்கிச் சாய்க்கிற வாடல் நோய் இருக்கிறதே, அது இதே இனத்தின் இன்னொரு வகைதான்.

வாழைத்தார்:
வாடல் நோயா! அது வந்த தோட்டத்தில் மறுபடி வாழை வைக்கப் பயந்து கிடக்கிறோம். அந்தச் சனியன் கண்ணுக்குள்ளயும் வருமா? சரி தாயி, நான் வாயை மூடிக்கிறேன்.

ஹைகிரவுண்ட் ஹாஸ்டல்:
கண் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன், ஸ்லைடு அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜங்ஷன் பக்கம் அரவிந்த் இருக்கிறது, எது உங்களுக்குக் கிட்டவோ அங்கே போங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை, அரவிந்திலும் இலவசப் பிரிவு தனியாக உண்டு. ஒன்று மட்டும் கவனம், போகும் இடத்தில் புண்ணைச் சுரண்டி ஸ்லைடு பார்க்கும் வசதி இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு சொட்டு எழுதிக் கொடுக்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மைக்ரோஸ்கோப் மாதிரி ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாக மின்னும். பூஞ்சைப் புண்ணுக்கு ஓரம் இறகு பிரிந்தது போல இருக்கும், பக்கத்தில் குட்டிக் குட்டியாகத் தனிப் புள்ளிகள் இருக்கும், புண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் நோயாளி அந்த அளவுக்கு வலி சொல்ல மாட்டார். கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் தங்கி வெள்ளைக் கோடு போலத் தெரிந்தால் தீவிரமாகிவிட்டது என்று அர்த்தம். மூக்கோரமாக உள்ள கண்ணீர்ப் பையையும் அமுக்கிப் பார்ப்பார்கள், அங்கே சீழ் தேங்கியிருந்தால் கருவிழிக்கு எத்தனை மருந்து விட்டாலும் கிருமி ஊறிக்கொண்டே இருக்கும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சித்தப்பாவுக்கு என்ன வயது?

கோரைப்பாய்:
அறுபதைத் தொட்டுவிட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, பார்த்ததே இல்லை. வேன் பேசியாயிற்று, கிளம்புகிறோம். சுரண்டுவது என்கிறீர்களே, கண்ணையா? அதைக் கேட்டதும் மனுஷன் வர மாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்லைடு அக்கா:
முதலில் மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். அப்புறம் ஒரு சின்ன பிளேடு அல்லது மெல்லிய கரண்டி போன்ற கருவியால் புண்ணின் ஓரத்திலும் அடியிலும் லேசாக வழிப்பார்கள். தொடுவது தெரியும், வலிக்காது. ஸ்லைடில் தேய்த்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தால், கண்ணின் திசுவெல்லாம் கரைந்து தெளிவாகிவிடும், பூஞ்சை மட்டும் கரையாது. லென்சுக்கு அடியில் கண்ணாடி நூல் மாதிரி, நடுநடுவே குறுக்குச் சுவர் போட்டு, கிளை பிரிந்து கிடக்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பத்து இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிடும், அன்றைக்கே சரியான மருந்தைத் தொடங்கிவிடலாம்.

மீதியை வளர்ப்புத் தட்டில் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வரிசை வரிசையாகக் கீறுவோம். கீறின கோட்டின் மேலே முளைத்தால்தான் அது கண்ணில் இருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே முளைத்தால் காற்றில் விழுந்த அழுக்கு. எந்த இனம் என்று தெரிய சில நாள் ஆகும், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அதற்காகச் சிகிச்சை காத்திருக்காது.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், சுரண்டுவது சோதனைக்கு மட்டும் இல்லை, மேலே மூடியிருக்கும் அழுகலை எடுத்துவிட்டால் மருந்து உள்ளே இறங்கவும் அது உதவும்.

சிவப்புக்கோடு:
நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி இழைகளில் எப்போதும் மெடிக்கல்காரன்தான் வில்லன். ஒரு நாள் என் கடையில் வந்து நில்லுங்கள். 'அண்ணே, கண்ணு சிவந்துருக்கு, போன தடவை பச்சை மூடி போட்டுக் குடுத்தீங்களே அது வேணும்' என்று கேட்பார்கள். சீட்டு எங்கே என்றால், எதிர்க்கடையில் கேட்காமல் குடுப்பான் என்று போய்விடுவார்கள். கூலி வேலைக்காரன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு டவுனுக்குப் பஸ் ஏறி வரிசையில் நிற்க வேண்டும், என்னிடம் வந்தால் சில்லறைக் காசில் முடியும். யாரைக் குற்றம் சொல்வது?

ஹைகிரவுண்ட் ஹாஸ்டல்:
அண்ணே, நீங்கள் சொல்வது நிஜம், எதிர்க்கடைக்காரன் கொடுப்பான் என்பதும் நிஜம். ஆனால் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றுதானே அந்தப் பெட்டியில் சிவப்புக் கோடு இருக்கிறது, நீங்களே அதைப் பெயராக வைத்திருக்கிறீர்கள். சரி, சட்டத்தை விடுங்கள். ஸ்டீராய்டு கலக்காத வெறும் ஆன்டிபயாடிக் சொட்டைக் கொடுத்திருந்தால்கூடப் பூஞ்சை இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது. வயல்காரர் வந்து தூசி பட்டது என்று சொன்னால் ஸ்டீராய்டு கலந்ததை மட்டும் கையில் எடுக்காதீர்கள். இதைச் செய்ய வாடிக்கையாளரை இழக்க வேண்டாம்.

சிவப்புக்கோடு:
அது செய்யலாம். ஆனால் அவனுக்கு மறுநாளே சிவப்பு போக வேண்டும். போகாவிட்டால் மருந்து சரியில்லை என்று வந்து சண்டை போடுவான்.

ஸ்லைடு அக்கா:
சண்டை போட வந்தால் நல்லதுதான் அண்ணே, அப்போது டவுனுக்கு அனுப்பிவிடலாம். உள்ளே கிருமி இருக்கும்போது சிவப்பு மட்டும் போய்விட்டால்தான் ஆளைப் பிடிக்க முடியாது.

பணகுடிக் காற்று:
சிவப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், அரிப்பைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆடி மாதக் காற்றில் மண்ணும் தூசியும் எப்படிப் பறக்கும் என்று தெரியும்தானே, காற்றாலை நிற்கிற ஊர். என் அக்கா மகனுக்குச் சின்ன வயதில் இருந்தே கண் அரிப்பு, தேய்த்துத் தேய்த்துச் செம்மண் நிறமாக இருக்கும். ஒரு டாக்டர் ஒரு தடவை எழுதிய சொட்டு நன்றாகக் கேட்டது. அந்தப் பழைய சீட்டையே மெடிக்கலில் காட்டிக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கினார்கள். அரிப்பு வந்தால் ரெண்டு சொட்டு, பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அதிலும் ஸ்டீராய்டுதான் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் கிரிக்கெட் ஆடும்போது பக்கத்தில் வரும் பந்து தெரியாமல் அடி வாங்கினான், அப்போதுதான் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது என்றார்கள். கண் நீர் அழுத்த நோய். ஒரு கண்ணில் நடுவில் மட்டும்தான் தெரிகிறது, சுற்றிலும் இருட்டு. போனது போனதுதான், வராதாம்.

ஹைகிரவுண்ட் ஹாஸ்டல்:
மன்னியுங்கள், இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஓபியில் நாங்கள் பார்ப்பதுதான். ஸ்டீராய்டு சொட்டு எல்லோருக்கும் அழுத்தத்தை ஏற்றாது, சிலருக்கு ஏற்றும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஏறும். கண் அழுத்தம் வழக்கமாகப் பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10 முதல் 21 வரை இருக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு 40ஐத் தாண்டிப் போயிருக்கும், வலியே இருக்காது. நடுப்பார்வை கடைசி வரை நிற்பதால் போர்டில் உள்ள எழுத்தெல்லாம் படிப்பான், வீட்டில் எப்படிச் சந்தேகம் வரும்? பக்கப் பார்வையை அளக்கும் பீல்டு டெஸ்ட் எடுத்தால்தான் ஓரம் போயிருப்பது தெரியும்.

ஸ்டீராய்டு சொட்டே விஷம் என்று யாரும் ஓட வேண்டாம். கண்ணுக்குள் வரும் அழற்சிக்கும், ஆபரேஷனுக்குப் பிறகும் அதுதான் கண்ணைக் காப்பாற்றுகிறது. கணக்குப் பார்த்துக் கொடுத்து, அழுத்தம் அளந்து, குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டிய மருந்து. பழைய சீட்டில் வாங்குவதுதான் வினை. பையனுக்கு அழுத்தச் சொட்டு கொடுத்திருப்பார்கள், இருக்கிற பார்வை நிற்க வேண்டும் என்றால் அதை விடாமல் போட வேண்டும். இளைப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? டிமோலால் என்ற சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, கண்ணில் விடுவதுதானே என்று சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

பணகுடிக் காற்று:
இளைப்பு இல்லை தம்பி, ஆனால் கேட்டுக்கொள்கிறேன். அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

மேலப்பாளையத்துக்காரன்:
இடையில் ஒரு கேள்வி. வாப்பாவுக்குச் சர்க்கரை, கண் சிவக்கவும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் திடீரென்று ஒரு கண்ணில் கரும்புள்ளியாகப் பறக்கிறது என்கிறார். இதற்கும் பொறுக்கக் கூடாதா?

ஹைகிரவுண்ட் ஹாஸ்டல்:
கூடாது. விழித்திரையில் ரத்தக் கசிவாக இருக்கலாம், கிழிசலாகவும் இருக்கலாம். கூடவே மின்னல் வெட்டுவது போலவோ ஓரத்தில் திரை இறங்குவது போலவோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சொட்டு விட்டுக் கண் பாப்பாவைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், சில மணி நேரம் கண் கூசும், வாப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். இதற்குத் தனி இழை போடுங்கள், விவரமாக எழுதுகிறேன்.

கோரைப்பாய்:
போய்விட்டு வந்தோம். அக்கா சொன்னது போலவே ஸ்லைடில் பூஞ்சை. ரத்தத்தில் சர்க்கரையும் 280. அந்தச் சொட்டை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பூஞ்சைக்கு நாட்டமைசின் என்று ஒரு சொட்டு, மணிக்கு ஒரு தடவை. வலிக்கு இன்னொன்று, அது போட்டதும் கிட்டத்தில் உள்ளது தெரியவில்லை என்கிறார். உள்ளே படுக்கச் சொன்னார்கள், இவர் மாட்டை யார் பார்ப்பது என்று அடம்பிடித்ததால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். சித்தி கேட்கிறாள், இதைவிட விலை கூடின புது மருந்து இருந்தால் வாங்கலாமே, நகையை வைக்கலாம் என்று.

ஸ்லைடு அக்கா:
சித்தி நகையை வைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கே நம்ம தமிழ்நாட்டில் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அரவிந்த் மருத்துவமனைகளில் பூஞ்சைப் புண் உள்ளவர்களை ரெண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு பக்கம் பழைய நாட்டமைசின், இன்னொரு பக்கம் புதிய வோரிகோனசோல் சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வந்தது. நாட்டமைசின் போட்டவர்களுக்குத்தான் பார்வை மேலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைவு, ஃபுசேரியத்தில் வித்தியாசம் ரொம்பவே தெரிந்தது. ஆழமாகப் போன புண்ணுக்கு அவர்களாகவே வேறு மருந்து சேர்ப்பார்கள், ஊசியும் போடுவார்கள், அதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. நாட்டமைசின் பால் மாதிரி இருக்கும், மருந்து அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர்தான் கண்ணில் விழும். கண்ணில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று துணியால் துடைத்துவிடுவார்கள், அது மருந்துதான். ஒரு சொட்டு மருந்துக்கும் வேறு சொட்டு மருந்துக்கும் நடுவே அஞ்சு நிமிஷம் இடைவெளி. பஞ்சு வைத்துக் கண்ணைக் கட்ட வேண்டாம், சூடும் ஈரமும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், கறுப்புக் கண்ணாடி போதும். ஆத்தில் தலை முழுகுவது கொஞ்ச நாளைக்கு இல்லை. பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் ஆறும், வாரக்கணக்கில் ஆகும், முதல் நாலு நாளில் மாற்றம் தெரியவில்லை என்று மருந்தை மாற்றி ஊர் ஊராகப் போகாதீர்கள்.

திடீரென்று கண்ணில் இருந்து வெந்நீர் மாதிரி வழிந்து பார்வை சட்டென்று குறைந்தால் மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். கருவிழி ஓட்டையாகியிருக்கும். சின்னதாக இருந்தால் பசை வைத்து அடைப்பார்கள், பெரிதாக இருந்தால் தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள். அப்போது அது பார்வைக்காக இல்லை, கண்ணே போகாமல் இருப்பதற்காக. ஆறின பிறகு நடுவில் தழும்பு நின்று மறைத்தால், கண் அமைதியானதும் பார்வைக்கென்று மாற்றுவது தனிக்கதை.

வாழைத்தார்:
தாயி, ஒரே ஒரு சந்தேகம். தூசி பட்ட உடனே என்னதான் செய்யணும்? ஒவ்வொரு தூசிக்கும் டவுனுக்கு ஓட முடியாதே.

ஸ்லைடு அக்கா:
கசக்காமல், குடிக்கிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணைத் திறந்து சிமிட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வயல் வாய்க்கால் தண்ணீர் ஆகாது, அதில் அமீபா ஒன்று இருக்கிறது, அது வந்தால் வலி உயிர் போகும், வைத்தியமும் மாதக்கணக்கு. மறுநாள் காலையில் உறுத்தல், சிவப்பு, கூச்சம் இதில் ஏதாவது பாக்கி இருந்தால் காட்டிவிட வேண்டும். டவுன் வரைக்கும் வர வேண்டாம், பக்கத்துச் சின்ன ஊர்களில் கண் பார்வை மையங்கள் இருக்கின்றன, அங்கே படம் எடுத்து டாக்டரிடம் கணினியில் பேச வைக்கிறார்கள். அறுப்பு மிஷின் பக்கம் நிற்பவர்கள் ஒரு சாதாரணக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் இந்தப் பாடே இல்லை. வைக்கோல் லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவர்களும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அப்படி வந்த ஸ்லைடும் நிறையப் பார்த்தேன்.

சிவப்புக்கோடு:
கண்ணாடி நான் வாங்கிக் கடையில் வைக்கிறேன். அதற்குச் சீட்டு கேட்க வேண்டியதில்லை.

கோரைப்பாய்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் இன்று பார்த்துவிட்டுப் புண் பரவாமல் நிற்கிறது என்றார், ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கிறதாம். ராத்திரி அலாரம் வைத்து நானும் தம்பியும் மாற்றி மாற்றிச் சொட்டு விடுகிறோம். இப்போது சித்தி இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், வர்ற வெள்ளிக்கிழமையே போகணும் என்கிறாள். கூட்டிப்போகலாமா அக்கா?

ஸ்லைடு அக்கா:
சித்தியை அனுப்புங்கள், சித்தப்பா இன்னும் ரெண்டு மூணு வாரம் வீட்டில் இருக்கட்டும், சாத்தூர் வரை பஸ்ஸில் தூசி. போயே ஆகணும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றால் பாட்டில் பையில் இருக்க வேண்டும், மணிக்கொரு சொட்டு பஸ்ஸிலும் தவறக் கூடாது. தீர்த்தத்தைக் குடிக்கட்டும், திருநீறை நெற்றியில் பூசட்டும், கண்ணுக்குள் ரெண்டும் வேண்டாம். அடுத்த தடவை டாக்டர் சர்க்கரைக்கு என்ன எழுதினார் என்று சொல்லுங்கள், 280 இறங்காமல் புண் லேசில் மூடாது.